ஆறு வாரப் பனியன்

ஆவணி 12, வியாழன்

அண்ணாமலையாருக்கு ஆயிரம் குடம் அபிஷேகம் செய்தும் அசராத மகாவீரனாகிய நான், இன்று வேலூரில் ஒரு டாக்டர் எதிரில் சட்டையைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் மார்பை மூடிக்கொண்டேன்.

மார்பைக் குறைக்கும் ஆபரேஷன் இரண்டு மணி நேரம்தானாம். காம்பின் ஓரத்தில் கீறி, கொழுப்பையும் சுரப்பியையும் எடுப்பார்கள். வீங்கும், கன்றிப்போகும், சில மாதம் மரத்துக் கிடக்கும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

"ஆறு வாரம் இறுக்கமான பனியன் போட்டே இருக்கணுங்க. ராத்திரியும்தான்" என்றார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். தைத்த துணியோடு நான் கருவறைக்குள் கால் வைக்க முடியாது. என் பூஜை முறையை அண்ணாதான் பார்க்க வேண்டும். ஏன் என்று கேட்பார்.

திரும்பும்போது பஸ்ஸில், துணைக்கு வந்திருந்த அக்கா பிள்ளை சீண்டினான். "பெரிய மாமாகிட்ட என்ன மாமா சொல்லப்போறேள்? கிரிவலப் பாதையில சிறுத்தைய மணியாலயே அடிச்சு வெரட்டினேளே, அந்த மாதிரி ஒண்ணு அவுத்து விடுங்கோ."

போளூர் தாண்டியும் ஒரு பொய்கூட வரவில்லை. பிறகு அவனே மெதுவாகச் சொன்னான். "நெஞ்சைத் தட்டிண்டு, 'ஊருக்கே பால் சப்ளை நான்தான்'னு சிரிப்பேளே. ஒங்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லைன்னு நெனச்சேன் மாமா."

பிறர் சொல்வதற்குள் நானே சொல்லிவிட வேண்டுமே. முப்பது வருஷமாக அதற்குத்தான் அத்தனை அவசரம்.

நாளைக் காலையில் அண்ணாவிடம் பேச வேண்டும். "எனக்கு வெக்கமா இருக்குண்ணா" என்று இங்கே எழுதிப் பார்த்தேன். ஊதிப் பெரிதாக்க இதில் ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் சிரிப்பார். சிரிக்கப் பழக்கியவன் நான்தானே.