மஞ்சள் பொட்டு வைத்த அப்சோர்பர்

பிப்ரவரி 3, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. கம்பெனி வேன் தாமதம்.

காரின் குலுக்கல் தாங்க எந்த அப்சோர்பர் போடுவது? இன்று முடிவெடுக்க வேண்டும்.
1. இருப்பதே இருக்கட்டும். போட்டு ஒரு வருடம்தான். மலரின் முதுகுக்கு (போன வருடம் டிஸ்க் விலகியது) நல்லது.
2. அதே அப்சோர்பர், கொஞ்சம் குட்டை ஸ்ப்ரிங்.
3. முழு அட்ஜஸ்டபிள் செட். வளைவில் சாயாது. ஆனால் கட்டை மாதிரி இறுக்கம்.

மாதம் ஒரு ஞாயிறுதான் எனக்கு ரேஸ் டிராக். மற்ற நாளெல்லாம் மலர் செலண்டார் பள்ளிக்கு வேலைக்கு ஓட்டிப் போகிறாள். செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் குழி பறித்த சாலை. அதனால் 2 என்றிருந்தேன்.

குணா மச்சான் விடவில்லை. மலரின் அண்ணன், டிராக்கில் என் ஜோடி; கார்கூட ஒரே மாடல். "மூணப் போடுங்க மாப்ள. ஒரு சுத்துக்கு ரெண்டு செகண்ட் எறங்கும். நானே ஒரு வருசம் ஓட்டிருக்கேன், ஒண்ணும் ஆவாதுலா."

அவர் சொன்னால் சரி.

பிப்ரவரி 8, சனி

மாட்டியாயிற்று. நான்கு டயருக்கும் எலுமிச்சை நசுக்கியாயிற்று. கழற்றிய பழைய செட்டை மச்சானே எடுத்துக்கொண்டார். "குப்பதான, இரும்புக் கடையில போட்டுர்றேன்."

நான்கிலும் என் மஞ்சள் பொட்டு. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் மழையில் போகிறதே என்று பெயின்டிலேயே வைத்தது. ஒர்க்‌ஷாப்பில் எல்லாருக்கும் சிரிப்பு.

பிப்ரவரி 19, புதன்

நல்ல வெயில். இறுக்கம் முன் 8 கிளிக், பின் 6. டயர் காற்று 32. கார் தாழ்ந்து நிற்கும்போது என்ன அழகு!

மலர் சீக்கிரம் படுத்துவிட்டாள்.

மார்ச் 2, ஞாயிறு

டிராக். லேசான தூறல். மேடு தட்டும் இடமெல்லாம் கார் தவளையாய்த் துள்ளியது. கடைசி வளைவில் முழுச் சுற்று சுற்றிப் புல்லில் போய் நின்றேன். இதுவரை எனக்குப் பின்னால் வந்த மச்சான், இன்று என்னைவிட இரண்டு செகண்ட் வேகம்.

கை குலுக்கப் போனேன். அவர் கார் ஜாக்கில், பின் சக்கரம் கழற்றி. உள்ளே அப்சோர்பரில் மஞ்சள் பொட்டு.

"மச்சான், இது என்னோடது."

கையைத் துடைத்தார். "அந்த அட்ஜஸ்டபிள் தூறல்ல நிக்காது மாப்ள. நான் எப்பவோ கழட்டிட்டேன். சும்மா போறத எடுத்தா என்னா? தங்கச்சிகிட்ட சொல்லிட்டுத்தான் போட்டேன்."

நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டார். தெரிந்தே மாட்ட வைத்திருக்கிறார். கட்டிக்கொண்டு போன நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

மார்ச் 3, திங்கள்

லீவு போட்டேன். மலர் வந்ததும் கேட்டேன்.

"தெரியும். மொத வாரமே அண்ணன் சொல்லிருச்சி."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சண்ட போடுவீங்க."

"அதுக்காக முதுகு வலியப் பொறுத்துக்கிட்டியா?"

அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "யாரு பொறுத்துக்கிட்டா? தெனம் வந்து சொன்னேன். குழியில எறங்குனா உயிர் போவுதுங்கன்னு. நீங்க இந்த நோட்டுல எழுதிக்கிட்டே 'ம்'னீங்க."

அவள் படுத்த பிறகு நோட்டைப் பின்னால் புரட்டினேன். கிளிக் இருக்கிறது. காற்று இருக்கிறது. மாட்டிய நாளிலிருந்து அவள் முதுகைப் பற்றி ஒரு வரி இல்லை.