பின்கதவு ஸ்பீக்கர்

ஏங்க,

சோறும் கருவாட்டுக் குழம்பும் அடுப்படியில மூடி வச்சிருக்கேன். கோவில்பட்டியில இருந்து நீங்க கூட்டிட்டு வார மெக்கானிக்குக்கு ஒரு காப்பி கொடுத்து அனுப்பிருங்க. அம்பாசடர்ல பாட்டுப்பெட்டி வேலை முடிஞ்சிட்டு.

வயரைத் தொடாதேன்னு நேத்து அதட்டுனீங்கள்லா, தொட்டுட்டேன். ஆம்பிளிபயர்ல இருந்து வயரைக் கழத்தி, நாலு ஸ்பீக்கருக்கும் ஒவ்வொண்ணா டார்ச் லைட் பேட்டரியை வச்சுப் பார்த்தேன். மூணுல நடுவுல உள்ள காகிதக் கூம்பு வெளிய தள்ளுது, பின்கதவு ஸ்பீக்கர் மட்டும் உள்ள இழுக்கு. அதுக்கு மட்டும் நீங்க பிளஸ், மைனஸ் வயரை மாத்திக் கொடுத்திருக்கீங்க. மூணு தள்ளையில ஒண்ணு இழுத்தா பாட்டு எப்படி எடுபடும்? திருப்பி மாட்டுனேன். கிணத்துக்குள்ள இருந்து பாடுன காரு இப்ப தெருவுக்கே கேக்கு.

மேலநீலிதநல்லூர்ல அம்மா வீட்டுக்குப் போறேன், கோவத்துல இல்ல. சாயந்திரம் கார்லயே வந்து கூப்பிடுங்க. பாட்டுச் சத்தம் கேட்டாத்தான் வெளிய வருவேன்.

செல்வக்கனி

கார் சாவி அரிசிப் பானை மேல இருக்கு. யாரு சரி பண்ணுனதுன்னு மெக்கானிக் கேட்டா, நீங்கன்னு சொல்லிராதீங்க.