பதிவேட்டின் கடைசிக் கட்டம்

என்னங்க,

உங்கள் முட்டிவலி குறைந்ததா? நான் நலம். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஷூவை மாட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே இருக்கும் காப்புக்காட்டுக்கு ஓடப் போனேன். இன்னும் மூன்று வருடம் இங்கே இருக்கப்போகிறாயா என்று கேட்டிருந்தீர்களே, அதை யோசிக்கத்தான்.

குளத்தைச் சுற்றும் சின்னப் பாதை அலுத்துவிட்டது. மேட்டில் ஏறும் எட்டு கிலோமீட்டர் பாதைக்கு ஆசைப்பட்டேன். அதற்கு வாசலில் பதிவேட்டில் எழுத வேண்டும்: பெயர், பாதை, நேரம், திரும்பாவிட்டால் யாரைக் கூப்பிடுவது. அந்தக் கடைசிக் கட்டத்தில் உங்கள் பெயரையும் நம் ஊர் எண்ணையும் எழுதினேன்.

காவல்கார அம்மா எட்டிப் பார்த்தார். "ஏம்மா, நீ கால் மடங்கி விழுந்தா இவரு பிளேன் புடிச்சா வருவாரு? இந்த ஊர்ல யாராவது சொல்லு."

ஆறு வருடமாக இருக்கும் ஊர். ஆய்வகத்தில் பதினான்கு பேர் என்னோடு வேலை செய்கிறார்கள். ஒரு பெயரும் எழுத வரவில்லை.

"சரி, என் நம்பரையே போடு. எட்டு மணிக்கு என் ஷிப்ட் முடியுது, அதுக்குள்ள வந்து சேரு தாயே!"

ஏழரைக்கே வந்துவிட்டேன், ஒரு கீறல்கூட இல்லை. கவலைப்படாதீர்கள்.

மகள் வாய்விட்டுப் படிப்பதைப் பதிவு செய்து அனுப்புங்கள். எந்தப் பாடமானாலும் சரி, ஓடும்போது கேட்கத்தான்.

சாப்பாட்டு நேரம் முடிகிறது, நிறுத்துகிறேன். இங்கே இன்னும் யாரிடமும் சொல்லவில்லை: அந்த மூன்று வருடப் புது ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை.