செம்பருத்திக் குச்சிக்குச் சாணி வேண்டாம்

அப்பா,

கிணத்து மேட்டு நிலத்துல அண்ணனுக்குச் சமமா எனக்கும் பங்கு வேணும். பொம்பளப்புள்ள வாயைத் திறந்து கேக்கவே கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்குது. கேட்டுட்டேன். நர்சரி வைக்கத்தான் கேக்கறேன்.

களி குண்டால இருக்குது. ஊட்டுச் சாவி மாட்டுக்கொட்டாய் ஆணியில.

நேத்து நர்சரிப் பேச்சை எடுத்ததும் "உன்னையப் படிக்க வெச்சதே தப்பு"ன்னு கத்திட்டுப் போயி, நான் நட்ட செம்பருத்திக் குச்சி நுனியிலெல்லாம் முருங்கைக் கெளைய வெட்டி நடறப்ப வைக்கற மாதிரி சாணி வெச்சிருக்கீங்க. காஞ்சிரக் கூடாதுன்னுதானுங்க? அதைப் பார்த்ததும் பாதிக் கோபம் போயிருச்சு. ஆனா பால் கவர்ல இருக்கற சின்னக் குச்சிக்குச் சாணி ஆகாது. நெழல்ல வெச்சு, தண்ணி தெளிச்சா போதும். வேர் விட்டுச்சான்னு புடுங்கிப் பாக்காதீங்க, புது வேர் அறுந்துரும்.

நாமகிரிப்பேட்டையில ஒருத்தரோட தோட்டத்தைக் குத்தகைக்குப் பேசி முடிச்சுட்டேன். இன்னிக்குக் கையெழுத்து. நீங்க பங்கு தந்தாலும் தராட்டியும் நர்சரி வரும்.

அறிவுச்செல்வி

இன்னொண்ணு: துளிர் வந்ததும் பொழைச்சிருச்சுன்னு நம்பிராதீங்க. குச்சியில இருக்கற சத்துலயே துளிர்த்துரும், வேர் பொறகுதான் வரும்.

பஸ் ஆரன் கேக்குது. வாரேனுங்கப்பா.