இருநூற்றுப் பதினான்காம் வில்லை

கொக்ஜோட்டா மலை,
மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் காற்றாலையில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நீங்கள் போனை அம்மாவிடமே கொடுத்துவிடுகிறீர்கள். எனக்கும் போனில் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

ஏப்ரலில் உங்கள் சுரங்கத்தை மூடப்போவதாக அம்மா சொன்னார். இங்கே சுரங்கத்து ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலையும் தருகிறார்கள். விண்ணப்பம் இத்துடன் இருக்கிறது. ஏப்ரல் 25 வரை வாங்குவார்கள்.

கோபம் வேண்டாம்.

உங்கள் மகள்,
கர்லிகாஷ்

*

கரகண்டா,
மார்ச் 14

மகளே,

விண்ணப்பம் அடுப்புப் பக்கத்தில் இருக்கிறது. இன்னும் எரிக்கவில்லை.

விஷயம் சுரங்கத்து விளக்குகளை வாங்கும் விளக்கறை வரைக்கும் போய்விட்டது. என் ஷிப்ட்டில் இருக்கும் செரிக் எல்லார் முன்னாலும் கேட்கிறான்: "என்ன பெய்சென், இருபத்தேழு வருசம் எலி மாதிரி பூமிக்குள்ள கெடந்துட்டு, இப்ப குருவி ஆகப் போறியாமே?" நான் சொன்னேன்: "உன் மூஞ்சியப் பாக்கறதுக்கு அது தேவலடா."

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். நாங்கள் கீழே இறங்கும்போது அவரவர் எண் அடித்த பித்தளை வில்லையை விளக்கறை ஆணியில் மாட்டிவிட்டுப் போவோம். ஏறி வந்தால் எடுத்துக்கொள்வோம். ஷிப்ட் முடிந்தும் என் 214 தொங்கினால் நான் உள்ளே என்று அர்த்தம். தேட ஆள் இறங்கும். நீ மேலே ஏறும்போது வில்லையை எங்கே மாட்டுகிறாய்?

அப்பா

*

கொக்ஜோட்டா மலை,
ஏப்ரல் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே வில்லை கிடையாது. ஐந்தே பேர், ஆளுக்கொரு வயர்லெஸ். உங்கள் கேள்வியைப் படித்துச் சிரித்தேன்.

இனி எழுதுவதை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். போன செவ்வாய்க்கிழமை மதியம் காற்று திடீரென்று ஏறியது. மற்றவர்கள் இறங்கி இரண்டு வண்டிகளில் கிளம்பிவிட்டார்கள். நான் மூன்றாம் கோபுரத்தின் நடுத்தட்டில் போல்ட்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். வயர்லெஸ்ஸைக் கீழே சார்ஜில் போட்டிருந்தேன்; தப்பு என்னுடையது. முன் வண்டியில் இருப்பேன் என்று பின் வண்டிக்காரர்கள், பின் வண்டியில் இருப்பேன் என்று முன் வண்டிக்காரர்கள். நான் இறங்கி வந்து வயர்லெஸ்ஸை எடுத்துக் கூப்பிட்டால் காற்று இரைச்சல்தான் கேட்டது. கோபுரத்தின் அடியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபுரம் முழுக்க முனகியது. எந்தச் சுரத்தில் என்றுகூடக் கவனித்தேன்.

நான்கு மணி நேரம் கழித்து வந்தார்கள். எங்கள் குழுவிலேயே சின்னவன் தாமிர் அழாத குறையாகச் சொன்னான்: "நீ எப்பவுமே பேச மாட்டியேக்கா! உன் சத்தமே வரலன்னாலும், நீ அந்த வண்டியில இருக்கன்னுதான் நெனச்சோம்."

அவன் சொன்னது நியாயம்தான்.

கர்லிகாஷ்

*

கரகண்டா,
ஏப்ரல் 20

மகளே,

வெள்ளிக்கிழமையோடு சுரங்கம் நின்றது. வில்லைகளைத் திருப்பிக் கேட்டார்கள். தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். செரிக் என் சட்டைப்பையைப் பார்த்தான். பிறகு அவனே சாட்சிக் கையெழுத்துப் போட்டான்.

வியாழக்கிழமை பேருந்தில் வருகிறேன். விண்ணப்பத்தை நானே கொண்டுவருகிறேன். உயரம் என்றால் பயமா என்று ஒரு கேள்வி. 'தெரியாது, இதுவரை கீழேதான் போயிருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறேன். சரிதானே? காற்று நின்றுபோனால் விளக்கு எப்படி எரியும் என்பதையும் நீ சொல்ல வேண்டும். செரிக் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

மூட்டையில் ஒரு பலகை இருக்கிறது. ஆறு ஆணிகள். பழைய தண்ணீர்க்குழாயை வெட்டி ஐந்து வில்லைகள் அடித்தேன். நான்கில் எண். உன்னுடையதில் பெயரையே அடித்துவிட்டேன், கொஞ்சம் கோணல். ஆறாவது ஆணிக்கு 214.

நான் வந்து பலகையை மாட்டும்வரை, இறங்கியதும் உன் பெயரைச் சத்தமாகச் சொல். வெட்கப்படாதே.

அப்பா