லைஃப் ஜாக்கெட் வந்ததா வாப்பா?

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கால் வீக்கம் குறைந்ததா? உம்மா சுகமா? கல்முனையில் மாமா வீட்டில் நான் நன்றாகப் படிக்கிறேன். போனில் கதைத்தால் மாமா பக்கத்தில் இருப்பார். அதனால் எல்லோரும் தூங்கிய பின் எழுதுகிறேன். நாளை பொத்துவிலுக்கு வரும் என் வகுப்புத் தோழி சஹ்லாவிடம் இதைக் கொடுத்துவிடுவேன்.

பயப்படாதீர்கள், சின்ன விஷயம்தான். மாமா செயலாளராக இருக்கும் படகுக்காரர் சங்கத்தின் அறிக்கையைப் பார்த்துத் திருத்தமாக எழுதும்படி என்னிடம் தந்தார். போன வெள்ளிக்கிழமை பொத்துவிலில் நடந்த பாதுகாப்புப் பயிற்சிக்கு வந்து, லைஃப் ஜாக்கெட் வாங்கிய அங்கத்தவர்களின் பட்டியல் அதில் இருக்கிறது. உங்கள் பெயருக்கு நேரே கையொப்பமும் இருக்கிறது. வெள்ளியில் படகு இறங்காது என்று அன்று காலையிலேயே என்னைப் பார்க்க வந்து, மஃரிப் தொழுகை வரை இங்கேதானே இருந்தீர்கள்?

"வாப்பா அண்டைக்கு இஞ்சதானே நிண்டாரு, மாமா?" என்று கேட்டேன்.

"ஓம் புள்ள. வராத ஆக்களுக்கு நான்தான் சைன் வெச்சன். ஆள் குறைஞ்சா பயிற்சி நடத்துறவங்க அடுத்த முறை சாமான் தரமாட்டாங்க. ஜாக்கெட் வீட்டுக்குப் போயிருக்கும். நீ எழுது, பெரிய நீதவான் மாதிரிக் கேள்வி கேக்காம."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மாமி மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த முறை வரும்போது என் பழைய போர்வையைக் கொண்டு வாருங்கள். இங்குள்ளதில் தூக்கம் வருவதில்லை.

ஜாக்கெட் உண்மையில் வந்ததா? வராவிட்டால் கடலுக்குப் போகாதீர்கள். மாமாவிடம் கேட்கவும் வேண்டாம். சஹ்லாவிடமே பதில் கொடுங்கள். மாமியின் அறையில் லைட் எரிகிறது, நிறுத்துகிறேன். உங்கள் பெயருள்ள பக்கத்தை நான் இன்னும் எழுதவில்லை. கை வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

மகள்,
ருஷ்தா