வெயிட்டிங் லிஸ்டில் முதல் பெயர்

மே 29, 2024

கருங்கலில் அரிசி வாங்கித் திரும்பும்போது பஸ்ஸில் வைத்துத்தான் தெரிந்தது, ரிசல்ட் வந்துவிட்டதென்று. சைட் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து அரிசியைக் கொட்டி வைத்து, கை கழுவிவிட்டு மறுபடி பார்த்தேன். ஆறு செமஸ்டரும் சேர்த்து 7.81.

நல்ல மார்க்கா? மோசமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிக்குப் போதுமா என்பது மற்றவர்கள் என்ன வாங்கியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆகவே சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று இன்றைக்குத் தெரியவில்லை.

ஜூன் 2

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. அப்பா இனி இரண்டு மாதம் கரையில்தான். மார்க்கைச் சொன்னேன். எத்தனைக்கு என்று கேட்டார். பத்துக்கு என்றேன். "அப்ப கொள்ளாமே, நல்ல மார்க்குதான்" என்று சொல்லிவிட்டு வலையைப் பார்க்கப் போனார்.

அம்மா கேட்டது வேறு. ஆதிராவுக்கு எவ்வளவு என்றாள். தெரியாது என்றேன்.

தெரியும். 7.84.

ஜூன் 5

ஆதிராவைப் பற்றி இங்கே எழுதி வெகுநாள் ஆகிறது. இரண்டு வருடம் ஒரே பெஞ்சு, கருங்கலில் இருந்து நாகர்கோவிலுக்கு ஒரே பஸ். ஐந்தாம் செமஸ்டரில் எனக்கு மஞ்சள்காமாலை வந்து படுத்துக் கிடந்தபோது பிசிக்கல் கெமிஸ்ட்ரி நோட்ஸ் கேட்டேன். தானும் எழுதவில்லை என்றாள். அதே நோட்ஸை எங்கள் கிளாஸ் ஷைஜா கையில் பார்த்தேன், ஆதிராவின் கையெழுத்தில். ஒன்றும் கேட்கவில்லை. பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டேன். அந்தப் பேப்பரில்தான் எனக்குக் குறைந்தது.

இதை எழுதும்போது கோபம் வரவில்லை. வரும் என்று நினைத்தேன்.

ஜூன் 12

எம்.எஸ்ஸி. அட்மிஷன் லிஸ்ட் போட்டுவிட்டார்கள். பன்னிரண்டு இடம். பன்னிரண்டாவது பெயர் ஆதிரா. அதன் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, வெயிட்டிங் லிஸ்டில் முதல் பெயர் பிரிஜா. நான்.

பணம் கட்டிச் சேரும் பிரிவிலும் இடம் இருக்கிறது. அந்தப் பேச்சை வீட்டில் எடுக்கப்போவதில்லை.

24-ம் தேதிக்குள் சேராதவர்களின் இடம் வெயிட்டிங்கில் இருப்பவர்களுக்கு. யாராவது ஒருத்தர் விலகினால் போதும். மற்ற பதினொரு பேரும் சேர்ந்துவிடுவார்கள் என்றுதான் குரூப்பில் பேச்சு.

ஜூன் 16

பூசை முடிந்து வரும்போது ஷைஜா சொன்னாள். ஆதிராவுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். பஹ்ரைனில் வேலை, ஆகஸ்டில் லீவு. அவளுடைய அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆதிரா மட்டும் படிக்கணும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

நான் "அப்படியா" என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

ஜூன் 18

கோயிலில் செவ்வாய் நவநாள் ஜெபம். கூட்டம் அதிகம். ஆதிராவுக்கு அந்தக் கல்யாணம் நல்லபடியாக முடியணும் என்று ஜெபித்தேன். முழங்காலில் இருந்துதான் ஜெபித்தேன். வெளியே வந்ததும் அம்மா, யாருக்காக இத்தனை நேரம் என்று கேட்டாள். ஒரு கூட்டுக்காரிக்காக என்றேன். அம்மாவுக்குச் சந்தோஷம். சண்டை தீர்ந்ததென்று நினைத்துக்கொண்டாள்.

ஜூன் 19

இது பாவமா? யாரிடம் கேட்பது.

ஜூன் 21

மத்தியானம் வாசலில் ஆட்டோ. ஆதிராவின் அம்மா, பகவதி மாமி. வீட்டுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. அம்மா கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தாள். மாமி பாதி குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆதிரா யார் சொல்லியும் கேட்கவில்லையாம், மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். அவளுடைய அப்பா கடையில் இருந்து வந்தால் அறையை விட்டு வெளியே வருவதில்லையாம்.

"நீ சொன்னா கேப்பா மக்கா. படிச்சது மதி, போதும்னு ஒரு வார்த்தை சொல்லு."

நாங்கள் பேசுவதில்லை என்பது மாமிக்குத் தெரியாது. வெயிட்டிங் லிஸ்டும் தெரியாது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எதற்குச் சொன்னேன்? மாமி கையை விடவில்லை, அதனால் இருக்கலாம். இல்லை, அது மட்டுமில்லை. சும்மா எழுதக்கூடாது. எனக்கு அந்த சீட் வேணும். நானா போய்ச் சொல்லல்லியே, அவங்கதானே வந்து கூப்பிடுதாங்க — இப்படித்தான் மனசு போச்சு.

ஜூன் 22

போனேன். ஆதிரா மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கட்டிலில் கிடந்த துணிகளை ஒதுக்கி இடம் பண்ணினாள். மாமி கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

பஸ்ஸில் யோசித்து வைத்தது நிறைய இருந்தது. நல்ல இடம், அங்கே போயும் படிக்கலாம், எம்.எஸ்ஸி. முடித்தவர்களே சும்மா இருக்கிறார்கள். எல்லாமே உண்மைதான். சொல்லியிருந்தால் பொய் ஆகாது.

அவளே கேட்டாள். "நீ சொல்லுடி. நான் சேரவா, வேண்டாமா?"

"என்கிட்ட கேக்காத" என்றேன். "ஒனக்கு அடுத்து வெயிட்டிங்ல நான்தான் இருக்கேன்."

அவள் லிஸ்டில் தன் பெயரைப் பார்த்ததோடு சரியாம். கோட்டுக்குக் கீழே பார்க்கவே இல்லையாம்.

"அப்ப நான் போகாண்டாம்னு ஒனக்கு இருக்கும்."

"ஆமா. இருக்கு."

திட்டுவாள் என்று நினைத்தேன். நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, நான் கேட்காமலே, அந்த நோட்ஸைப் பற்றிச் சொன்னாள்.

"பேடிச்சுத்தான் தரல்ல. நீ எனக்க மேல போயிருவேன்னு."

மஞ்சள்காமாலையில் கிடந்தவளைப் பார்த்தா பயந்தாய் என்று கேட்டேன். ஆமாம் என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆனால் அப்புறம் மாமி கொண்டுவந்த பழம்பொரியை ஆதிரா சாப்பிட்டாள். மாமி அதைப் பார்த்துவிட்டு, காரியம் நடந்துவிட்டது என்கிற முகத்தோடு என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன்.

ஜூன் 24

ஆதிரா சேர்ந்துவிட்டாள். அவளுடைய அப்பாதான் கூட வந்து ஃபீஸ் கட்டினாராம். எப்படிச் சம்மதிக்க வைத்தாள் என்று தெரியாது. சேர்ந்தாச்சு என்று மெசேஜ் வந்தது. சரி என்று பதில் போட்டேன். வேறு என்ன போடுவது.

7.81 போதவில்லை. விஷயம் இவ்வளவுதான். இதை எழுதிப் பார்க்கத்தான் பயந்துகொண்டிருந்தேன் போல. எழுதிவிட்டேன். அம்மா மீன் வெட்டக் கூப்பிடுகிறாள்.

ஜூலை 9

கருங்கல் சந்தையில் பகவதி மாமி எதிரே வந்தாள். நான் சிரித்தேன். பார்க்காததுபோலப் போய்விட்டாள். கிழங்கு விற்கிற ரத்தினம் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள்: புத்தி சொல்லக் கூப்பிட்டால் அந்தப் பிள்ளை உள்ளே போய் ஏத்திவிட்டு வந்திருக்கிறாள், நல்ல சம்பந்தம் போச்சு.

நான் போய் விளக்கம் சொல்லலாம். மாமி, நான் ஏற்றிவிடவில்லை, எனக்கும் அவள் படிக்கவேண்டாம் என்றுதான் இருந்தது என்று. சொல்லவில்லை. அக்கா ஒரு கிழங்கைக் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தாள், இரக்கப்பட்டு.

ஜூலை 30

ரப்பர் பால் பதப்படுத்துகிற கம்பெனி ஒன்றில் லேபுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். போனேன். சபிதா மேடம்தான் லேபைப் பார்த்துக்கொள்கிறார். சர்டிஃபிகேட்டை ஒரு தடவை புரட்டிவிட்டு மூடிவைத்தார். பியூரெட்டைக் கொடுத்து ஒரு டைட்ரேஷன் செய்யச் சொன்னார். செய்தேன். இன்னொரு தடவை செய்யச் சொன்னார். அதையும் செய்தேன். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

7.81 என்று நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். ம் என்றார்.

ஆகஸ்ட் 1

முதல் நாள். தடை முடிந்து அப்பாவுக்கும் இன்றுதான். விடியுமுன்னே கடலுக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 17

எழுத ஒன்றுமில்லை. கால் வலி.

நவம்பர் 13

இன்று வந்த ஒரு லோடு பால் கெடத் தொடங்கியிருந்தது. ரீடிங்கைப் பார்த்ததும் எனக்கே சந்தேகம். இன்னொரு சாம்பிள் எடுத்து முதலில் இருந்து செய்தேன். அதே அளவு. டிரைவர் எபிசன் சத்தம் போட்டார். நேற்று வந்த பிள்ளை சொல்கிறதற்காக இத்தனை தூரம் வந்த வண்டியைத் திருப்புவதா என்று. சபிதா மேடம் வெளியே வந்தார். என் பக்கம் திரும்பி, "உறப்பா? நிச்சயமா?" என்று மட்டும் கேட்டார்.

"உறப்பு" என்றேன்.

வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். நான் அடுத்த சாம்பிளை எடுத்தேன்.

சாயங்காலம் ஆதிரா போன் பண்ணினாள். இன்டர்னல் மார்க் போட்டிருக்கிறார்களாம், எதிர்பார்த்ததைவிடக் குறைவு. கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் பயங்கரமாகப் படிக்கிறார்களாம். குரல் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவுதான், வீட்டுக்கு வா, அப்பா மீன் கொண்டுவருவார் என்றேன்.

வருகிறேன் என்றாள். உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டு வா என்றேன்.